நாற்பது நாள் யார் வைத்த கணக்கு?

விருதுநகர் மாவட்டத்தில் கண்புரை ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரிடம் உறவினர்கள் கேட்கிற முதல் கேள்வி, "இப்ப தெரியுதா?" அடுத்த கேள்வி, "கண்ணாடி எப்ப?" இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஆபரேஷன் செய்துகொண்டவர் வாய் திறக்க வேண்டியதே இல்லை. சுற்றி இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்: "நாப்பது நாள் ஆகணும். அதுக்கு முன்னால போட்டா கண்ணு கெட்டுப்போகும்." சிலர் ஒரு மாதம் என்பார்கள், சிலர் ஒன்றரை மாதம் என்பார்கள். கண்ணாடிக் கடைக்காரர், செவிலியர், மருந்துக் கடைக்காரர், பக்கத்து வீட்டுப் பெரியவர் என எல்லாரும் ஒரே குரலில் சொல்வதால் இது மருத்துவ விதி போலவே நிலைத்துவிட்டது.

இதில் பாதி பழங்கணக்கு. மீதிப் பாதி, ஒரு வகை ஆபரேஷனுக்கும் ஒரு வகைக் கண்ணாடிக்கும் மட்டுமே பொருந்தும் விதி. அதை எல்லாக் கண்களுக்கும் எல்லாக் கண்ணாடிகளுக்கும் சேர்த்துப் போட்டதில் நஷ்டப்படுபவர்கள் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் வேலை செய்து பிழைக்கிற வயதான பெண்களும் ஆண்களும்தான். ஒரு மாதத்துக்கு மேல் அவர்களை அரைப் பார்வையோடு உட்கார வைக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். லென்ஸ் வைக்காத காலத்தில் புரையை மொத்தமாக எடுத்துவிட்டு அனுப்புவார்கள். கண்ணுக்குள் லென்ஸ் இல்லாத குறையைச் சரிக்கட்ட ஏறத்தாழ பிளஸ் 10 பவரில் சோடாபுட்டிக் கண்ணாடி தேவைப்பட்டது. பிறகு லென்ஸ் வைக்கும் முறை வந்தபோதும் காயம் பெரிதாகவே இருந்தது. கருவிழியின் ஓரத்தில் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை அறுத்து, வரிசையாகத் தையல் போடுவார்கள். தையல் இறுக்கினால் கருவிழி ஒரு பக்கம் வளையும், தையலை வெட்டினால் அந்த வளைவு தளரும். அதற்கேற்ப கண்ணாடி பவரும் மாறிக்கொண்டே இருக்கும். ஆறு வாரம், எட்டு வாரம் பொறுத்து, தையலையும் பார்த்துவிட்டு, அப்புறம் கண்ணாடி எழுதிக்கொடுத்த மருத்துவர்கள் சரியாகவே செய்தார்கள். அன்றைய காயத்துக்கு அன்றைய கணக்கு பொருந்தியது.

அந்தக் காயம் இன்று இல்லை. பேக்கோ முறையில் புரையை உள்ளேயே நொறுக்கி உறிஞ்சி எடுக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் 1967-இல் தொடங்கிவைத்த இந்த முறையில் இன்று போடப்படும் வெட்டு 2 முதல் 3 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. மடித்து நுழைக்கும் லென்ஸ் உள்ளே போய் விரிகிறது. தையல் கிடையாது. கருவிழியின் வளைவு அதிகம் மாறுவதும் இல்லை. சிக்கல் இல்லாமல் முடிந்த பேக்கோ ஆபரேஷன்களில் பவர் எப்போது நிலைபெறுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து அலசிய பிராட்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் சொன்ன முடிவு தெளிவானது. முதல் வாரத்தில் எடுத்த பவருக்கும் ஒரு மாதம் கழித்து எடுத்த பவருக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை, ஆகவே ஒரு வாரத்திலேயே கண்ணாடி எழுதலாம் என்றார்கள். காசு கட்டி பேக்கோ செய்துகொண்ட ஒரு விருதுநகர் வியாபாரியை நாற்பது நாள் காக்க வைப்பதற்கு அவருடைய கண்ணில் காரணம் ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். "நம்ம ஊரு முகாம்ல எல்லாம் பேக்கோ எங்க செய்றாங்க?" என்று கேட்பார்கள். உண்மைதான். முகாம்களிலிருந்து வேனில் அழைத்துப் போய்ச் செய்யப்படும் இலவச ஆபரேஷன்களில் பெரும்பாலானவை எஸ்.ஐ.சி.எஸ். எனப்படும் முறையில் நடப்பவை. தையல் இல்லாத ஆபரேஷன் என்று ஊரில் சொல்வது இதைத்தான். இதில் வெட்டு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். சுரங்கம் போலச் சாய்வாகப் போடுவதால் தானே மூடிக்கொள்ளும். ஆனால் காயம் ஆறும்போது கருவிழி அந்தத் திசையில் கொஞ்சம் தட்டையாகும், சிலிண்டர் பவர் நகரும். அது அடங்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். ஆகவே இவர்களுக்குச் சிலிண்டரோடு சேர்த்துத் துல்லியமாக எழுதும் தூரப்பார்வைக் கண்ணாடிக்கு ஒரு மாதம் பொறுப்பது சரி. அதில் சண்டை இல்லை.

இந்த முறையை மட்டமானது என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்களுக்காக ஒரு கணக்கு. புனேயில் 400 கண்களை வைத்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2005-இல் வெளியானது. ஆறு வாரம் கழித்துக் கண்ணாடி இல்லாமல் 6/18 அல்லது அதைவிட நல்ல பார்வை பெற்றவர்கள் பேக்கோவில் 81 சதவீதம், எஸ்.ஐ.சி.எஸ். முறையில் 71 சதவீதம். கண்ணாடி போட்டுப் பார்த்தபோது இரண்டு பக்கமும் 98.4 சதவீதம். பணக்காரர் ஆபரேஷனுக்கும் ஏழை ஆபரேஷனுக்கும் நடுவில் இருந்த பத்து சதவீத இடைவெளியை ஒரு கண்ணாடி மூடிவிட்டது. கண்ணாடி என்பது ஆபரேஷனுக்குப் பிறகு சேர்க்கும் ஒட்டுவேலை அல்ல, ஆபரேஷனின் கடைசிப் பகுதியே அதுதான் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

லென்ஸ் வைத்தவுடன் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையை அந்த லென்ஸின் வரலாறே மறுக்கிறது. ஹெரால்டு ரிட்லி 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் உலகின் முதல் லென்ஸை ஒரு 45 வயதுப் பெண்ணின் கண்ணில் வைத்தார். லென்ஸ் உள்ளே போனது, ஆனால் பவர் கணக்கு தப்பி மைனஸ் 18 பிழையோடு அவர் எழுந்தார். இன்று கண்ணின் நீளத்தையும் கருவிழி வளைவையும் அளந்து லென்ஸ் பவரைக் கணக்கிடுகிறார்கள். பிழை வெகுவாகக் குறைந்திருக்கிறது, பூஜ்யம் ஆகவில்லை. கண்ணின் நீளத்தை ஒரு மில்லிமீட்டர் தவறாக அளந்தால் பவர் இரண்டரைக்கு மேல் தப்பும். அதோடு, சாதாரணமாக வைக்கப்படும் ஒற்றைப் பவர் லென்ஸ் தூரத்தைப் பார்க்கத்தான் அளவெடுக்கப்படுகிறது. எதிரே வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியும், கையில் இருக்கும் டிக்கெட்டில் எழுத்து தெரியாது. இது கோளாறு அல்ல. அந்த லென்ஸ் செய்ய வேண்டிய வேலையே அவ்வளவுதான்.

சிவகாசியின் பிரச்சினை சரியாக இந்த இடத்தில் இருக்கிறது.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த பிறகு இந்த வட்டாரம் கைவேலையில் வளர்ந்தது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழில்களும் கண்ணுக்கும் கைக்கும் நடுவே ஒரு முழத்துக்குள் நடப்பவை. சட்டத்தில் குச்சி அடுக்குவது, காகிதக் குழாய் உருட்டுவது, பட்டாசுக்குத் திரி வைப்பது, லேபிள் ஒட்டுவது, எண்ணிப் பாக்கெட் போடுவது, காலண்டர் அட்டை ஒட்டுவது, டைரி பைண்டிங்கில் தாள் மடிப்பது என எதுவும் பத்தடி தள்ளி நின்று செய்கிற வேலை இல்லை. கூலி பெரும்பாலும் எண்ணிக்கைக்கு. எத்தனை உருட்டினோமோ அத்தனைக்குத்தான் காசு.

குழாய் உருட்டும் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் விஷயம் புரியும். வெட்டிய காகிதத்தை எடுத்து, ஓரத்தை விரலால் தடவி, கம்பியில் சுற்றி, கடைசி மடிப்பில் பசை தொட்டு உருட்டி எறிவார். பழகிய கைக்குக் கண் வேண்டாம் என்று தோன்றும். பசை கூடியிருக்கிறதா, ஓரம் சாய்ந்திருக்கிறதா, வாய் நசுங்கியிருக்கிறதா என்று கண் நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. பார்வை மங்கினால் வேகம் குறையும், கழித்துப்போட்ட குழாய்களின் குவியல் பெருகும். திரி வைக்கிறவருக்கு இது இன்னும் கடினம். துளைக்கும் திரிக்கும் அளவு சரியாக இருக்கும், பட்டாசு அறைகளில் வேலை பெரும்பாலும் பகல் வெளிச்சத்தை நம்பியே நடக்கும். வெளிச்சம் குறையக் குறைய கிட்டப் பார்ப்பது மேலும் சிரமமாகும். வெடிமருந்துக்குப் பக்கத்தில் தடவித் தடவி வேலை செய்வதில் இருக்கும் ஆபத்தை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி ஒரு தொழிலாளி ஆபரேஷன் முடிந்து வருகிறார். புரை இருந்தவரை மங்கலாகவாவது பழகிய கண். சிலருக்குப் புரை முற்றும்போது கிட்டப்பார்வை தற்காலிகமாகத் தெளியும், கண்ணாடி இல்லாமலே ஊசி கோத்திருப்பார்கள். லென்ஸ் வைத்த பிறகு அந்த வசதி போய்விடுகிறது. தூரத்தில் கோயில் கோபுரம் துலக்கமாகத் தெரிகிறது, மடியில் இருக்கும் காகிதம் தெரியவில்லை. "ஆபரேஷன் பண்ணி இருந்ததும் போச்சு" என்று அவர் சொன்னால் அதில் பொய் இல்லை. ஆபரேஷன் தோற்கவில்லை, அதன் கடைசிப் பகுதியை யாரோ நாற்பது நாளுக்குத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடியை ஏன் தள்ளிப்போட வேண்டும்? பவர் மாறிவிடும் என்பதுதான் சொல்லப்படும் காரணம். எவ்வளவு மாறும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தூரப்பார்வைக்குச் சரியாக லென்ஸ் வைத்த கண்ணுக்கு பிளஸ் 2.50 கண்ணாடி கொடுத்தால் 40 சென்டிமீட்டர் தூரத்தில் தெளிவாகத் தெரியும். இடையில் கண்ணின் பவர் கால் அளவு நகர்ந்தால் அந்தத் தெளிவு 44 சென்டிமீட்டருக்குத் தள்ளிப்போகும், அல்லது 36-க்கு நெருங்கி வரும். அரை அளவு நகர்ந்தாலும் 33-க்கும் 50-க்கும் இடையில்தான். மடியில் இருக்கும் பலகையை ஒரு சாண்கூட நகர்த்த வேண்டாம். இந்தச் சிறு மாற்றத்துக்குப் பயந்து, முழு இரண்டரைப் பவர் குறையோடு ஒருவரை ஒரு மாதத்துக்கு மேல் விட்டுவைப்பதை நியாயப்படுத்த முடியாது. கண்ணாடி போட்டால் கண் கெடும் என்பது வெறும் பயம். மூக்கில் உட்காரும் கண்ணாடி உள்ளே வைத்த லென்ஸை அசைக்காது, காயத்தைப் பிரிக்காது. பவர் கொஞ்சம் தப்பினால் தலை வலிக்கலாம், எழுத்து மங்கலாம். கழற்றினால் போயிற்று.

காசு இரண்டு தடவை செலவாகுமே என்பார்கள். இலவசக் கண்ணாடி ஒன்றுதான் தருவார்கள், அதை அவசரப்பட்டு வாங்கிவிட்டால் பிறகு சரியான பவருக்கு யார் தருவார்கள் என்பது ஏழை வீட்டில் பொருளுள்ள கவலைதான். அதற்குப் பதில் எளிது. முதல் வாரத்தில் கொடுக்க வேண்டியது அளவெடுத்துச் செய்யும் கண்ணாடி அல்ல. இரண்டு பக்கமும் ஒரே பவரில் தயாராகக் கிடைக்கும் சாதாரணப் படிக்கிற கண்ணாடி போதும், அதன் விலை குறைவு. அளவெடுத்த இலவசக் கண்ணாடியை அதற்குரிய நாளில் வாங்கிக்கொள்ளலாம். அசாமின் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களிடம் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், கிட்டப் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுத்தவர்களின் உற்பத்தி, கொடுக்காதவர்களைவிட 21.7 சதவீதம் கூடியது. ஐம்பது வயது தாண்டியவர்களிடம் அது 31.6 சதவீதம். வங்கதேசத்தில் செய்து 2024-இல் வெளியான ஆய்வில் இதே வகைக் கண்ணாடியால் மாத வருமானம் 33.4 சதவீதம் உயர்ந்தது. இவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அல்ல, வயதால் கிட்டத்தில் பார்க்க முடியாமல் போனவர்கள். ஆனால் லென்ஸ் வைத்த கண்ணின் நிலையும் அதுவே, அதைவிடக் கூடுதலாகவே. தேயிலைக் கொழுந்து பறிப்பதற்கே கண்ணாடி இவ்வளவு பயன் தருமானால் சிவகாசிக் கைவேலைக்கு எவ்வளவு தரும்?

இன்னொரு மறுப்பு உண்டு, அதை அக்கறையுள்ள மருத்துவர்களே சொல்வார்கள். கண்ணாடி கொடுத்தால் அடுத்த நாளே மருந்து அறைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள், அலுமினியத் தூளும் கந்தகத் தூளும் ஆறாத கண்ணில் படும் என்கிறார்கள். அந்தப் பயம் சரியானது. ஆறாத கண்ணோடு மருந்து அறைக்குப் போகவே கூடாது. ஆனால் பார்வையை மறுத்து வேலையைத் தடுப்பது மருத்துவம் ஆகாது. எந்த வேலைக்கு எப்போது போகலாம் என்று தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் காகிதம் மடிப்பது வேறு, ஆலையில் மருந்து செலுத்துவது வேறு. ஈ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளிக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஓய்வுக் காலத்தில் கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்க வழி இருக்கிறது. வீட்டில் குழாய் உருட்டுபவருக்கு அதுவும் இல்லை. அவரை வேலைக்குப் போகாதே என்று மட்டும் சொல்லி அனுப்பினால், சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு மங்கிய கண்ணோடு வேலைக்குப் போவார். அதுதான் இன்னும் மோசம்.

சொட்டு மருந்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வீக்கம் குறைக்கும் சொட்டு மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நாலு முதல் ஆறு வாரம் விடச் சொல்வார்கள். ஊரில் இந்தக் கால அளவும் கண்ணாடிக் கால அளவும் ஒன்றாகக் கலந்துவிட்டன. மருந்து முடிந்த பிறகே கண்ணாடி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சொட்டு மருந்தை விட்டுக்கொண்டே கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்.

நாற்பது நாள் கணக்கின் மிகப் பெரிய கேடு, நாற்பதாவது நாள் பலர் வருவதே இல்லை என்பதுதான். முதல் நாள் வேனில் அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த தடவை வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தானே பஸ் பிடிக்க வேண்டும், துணைக்கு ஒரு ஆள் வேண்டும், இரண்டு பேர் கூலி போகும். தீபாவளிக்கு முந்தைய மாதங்கள் என்றால் யாரும் அசைய மாட்டார்கள். தூரத்தில் தெரிகிறதே, இது போதும் என்று இருந்துவிடுகிறார்கள். உலகம் முழுக்க இதே கதைதான். பத்து நாடுகளின் 40 மருத்துவமனைகளில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு இந்தச் சிக்கலிலிருந்துதான் கிளம்பியது. திரும்பி வராதவர்களை எண்ணிக் காத்திருக்காமல், டிஸ்சார்ஜுக்கு முன் பார்க்கும் பார்வையை வைத்தே ஒரு மருத்துவமனையின் தரத்தை நம்பகமாகக் கணிக்கலாம் என்று அது காட்டியது. வீட்டுக்கு அனுப்பும் முன்பே நிறையச் செய்ய முடியும் என்பது அதன் பாடம்.

இந்தியாவில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவீதம் புரையால் வருவதாக 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. அதனால் ஆபரேஷன் எண்ணிக்கையைப் பெருக்குவதே சாதனையாகிவிட்டது. உலக சுகாதாரப் பேரவை 2021-இல் வேறு அளவுகோலை வைத்தது. ஆபரேஷன் நடந்தால் மட்டும் போதாது, அன்றாடம் நடமாடும்போது அந்தக் கண்ணுக்கு 6/12 பார்வை இருந்தால்தான் அது வெற்றிக் கணக்கில் சேரும். அளவெடுத்த கண்ணாடி வாங்காமல் விட்டுப்போய் 6/24-இல் நிற்கிறவர் அந்தக் கணக்கில் வர மாட்டார், ஆபரேஷன் எவ்வளவு அழகாக நடந்திருந்தாலும்.

இதையெல்லாம் செய்ய முடியாத ஊர் அல்ல இது. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணி ஓய்வுக்குப் பின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். லென்ஸ் விலை ஏழைக்கு எட்டாது என்று எல்லாரும் சொன்ன காலத்தில், 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடம் தொடங்கி லென்ஸ் தயாரித்தார்கள். முடியாது என்று இருந்த விலை முடிகிற விலைக்கு இறங்கியது. லென்ஸையே இவ்வளவு மலிவாகச் செய்து காட்டிய மண்ணில், பிளஸ் 2.50 கண்ணாடி ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லாருக்கும் மூன்றாம் நாளே கண்ணாடி மாட்டிவிடலாம் என்பதல்ல இந்த வாதம். சில கடைகளில் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த சூட்டோடு விலை உயர்ந்த புரோகிரசிவ் கண்ணாடியைத் தலையில் கட்டுகிறார்கள், அது கொள்ளை. கருவிழி வீங்கியிருப்பவர், தையல் போடப்பட்டவர், ஆபரேஷனில் சிக்கல் வந்தவர், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர், சிலிண்டர் பவர் மிகுந்தவர், இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் பெரிதாக உள்ளவர் ஆகியோருக்கு மருத்துவர் சொல்லும் நாளே நாள். இவர்களில் சிலருக்குத் தயார்நிலைக் கண்ணாடி உதவவும் உதவாது. இரண்டாவது கண்ணுக்கு அடுத்த மாதமே ஆபரேஷன் என்றால் அளவெடுத்த கண்ணாடியை அதுவரை தள்ளிவைப்பது புத்திசாலித்தனம். வலி, சிவப்பு, முன்னைவிடப் பார்வை குறைவு என்று எது வந்தாலும் கண்ணாடியைப் பற்றிய பேச்சே வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்ட அலுவலர்களும் முகாம் நடத்தும் மருத்துவமனைகளும் டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்று விவரங்களைத் தமிழில் எழுதித் தந்தால் போதும். நடந்தது பேக்கோவா எஸ்.ஐ.சி.எஸ். முறையா, கிட்டத்தில் பார்க்க இப்போதைக்கு எந்தப் பவர், அளவெடுத்த கண்ணாடிக்கு வர வேண்டிய தேதி எது. முதல் வாரச் செக்கப்பிலேயே தொழில் என்ன என்று கேட்டு, கைவேலைக்காரருக்கு ஒரு சாதாரணக் கண்ணாடியைக் கையில் கொடுத்து அனுப்பலாம். அம்மாவையோ அப்பாவையோ ஆபரேஷனுக்கு அழைத்துப் போகிறவர்கள் அந்த மூன்று விவரங்களையும் கேட்டு வாங்காமல் மருத்துவமனையை விட்டுக் கிளம்ப வேண்டாம்.